கண்ணை மூடாத திம்மராயன்

எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள், திம்மராயனைத் தவிர.

ஜெயமணிக்கு எரிச்சலாக வந்தது. இது ஐந்தாவது வாரம்.

ஓசூரில் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில் அவளுக்கு ஆலோசகர் வேலை. குடியால் வழக்கில் சிக்கிச் சிறையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு, புதன்கிழமைதோறும் ஜெயிலுக்கே போய் மனக்கவனப் பயிற்சி கொடுக்கிறாள். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் கைதிகள் அதை 'மூச்சு கிளாஸ்' ஆக்கிவிட்டார்கள்.

குடிக்கிற ஆசை கடல் அலை மாதிரி, வரும், போகும் என்று முதல் வாரம் சொன்னாள். தூத்துக்குடிக்காரிக்கு அதுதான் வந்தது. பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. உடனே பைபாஸ் லாரிக்கு மாறினாள். லாரி வரும், சத்தம் போடும், போய்விடும்; ரோட்டோரமாக நின்று பாருங்கள், கை காட்டி ஏறாதீர்கள்.

"ஏறித்தானே மேடம் இங்க வந்து எறங்கனோம்" என்றான் முனிராஜ். வாசலில் நின்ற வார்டர்கூடச் சிரித்துவிட்டார்.

ஐந்து வாரத்தில் பலருக்குக் கை நடுக்கம் குறைந்திருந்தது. கோபம் வந்தால் மூச்சை எண்ணுகிறோம் என்றார்கள். இந்த அஞ்செட்டிக்காரர் திம்மராயன் மட்டும் கடைசியில் சுவரோடு உட்கார்ந்து, கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "வர மாட்டேங்குதுங்க மேடம்" என்று சிரித்ததோடு சரி.

வகுப்பில் சேர இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். எட்டு வாரம் முடித்தால் சான்றிதழ் உண்டு. ஜாமீன் மனுவோடு வைத்தால் நல்லது என்று வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். திம்மராயனுக்கும் அது தேவைதான். போதையில் மச்சான் கையை உடைத்த வழக்கு; வைகாசியில் மகள் கல்யாணம்.

ஆனாலும் ஜெயமணி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அக்கறை இல்லாதவருக்காக இன்னொருவர் இடத்தை அடைத்து வைக்க முடியாது, அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திம்மராயன் "சரிங்க மேடம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை பதினொரு பேர் இருந்தார்கள்; புது ஆளுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. கண்ணை மூடச் சொன்னாள்.

ஒருவரும் மூடவில்லை. மறுபடி சொன்னாள். மூடிய கண்கள் மூன்றாவது மூச்சிலேயே திறந்துகொண்டன. கதவு கிறீச்சிட்டதும் பதினொரு தலையும் திரும்பின.

இத்தனை வாரமும் குழந்தை மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்த முனிராஜிடம், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஜெயில்ல கண்ண மூடறது சுலபமில்லீங்க மேடம். எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கானே மூர்த்தி, என்னை வெட்ட வந்த கேசுலதான் உள்ள வந்தான்."

மூர்த்தி தலையைச் சொறிந்தான்.

வாசலில் வார்டர் இருக்கிறாரே என்றாள் ஜெயமணி. அவர் செல்போன் பார்ப்பாருங்க என்றான் முனிராஜ்.

"மொத வாரம் ஒருத்தனுமே மூடல. சும்மா மூடுன மாதிரி இருந்தோம். அப்பறம் திம்மராயண்ணன்தான் சொன்னாரு. நீங்கல்லாம் மூடுங்கப்பா, நானு முழிச்சிருக்கறன், எவனும் எவனையும் தொடாம பாத்துக்கறன்னு. அவுரு முழிச்சிருந்ததாலதான் மேடம் நாங்க மூடனோம்."

ஜெயமணி உடனே வார்டரிடம் சொல்லி ஆளனுப்பினாள்.

திம்மராயன் பாயோடு வந்து நின்றார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா, இவனுங்க பயப்படறானுங்கன்னு ஆயிடுமுங்க. நானும் மூச்சு எண்ணிக்கிட்டுதான் இருந்தன் மேடம். கண்ணு மட்டும்தான் தெறந்திருந்திச்சு."

கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தவரை நிறுத்தி, நடுவில் உட்காரச் சொன்னாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டாள்.

"இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன். நீங்க மூடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏற்கெனவே கண்ணை மூடியிருந்த முனிராஜ், "மூடுண்ணா. மேடம் முழிச்சிருக்காங்க" என்றான்.

திம்மராயன் மூடினார். பத்து மூச்சு எண்ணுவதற்குள் குறட்டை கிளம்பியது.

எழுப்பிவிட உள்ளே வந்த வார்டரை, உதட்டில் விரல் வைத்துத் தடுத்து நிறுத்தியவன் மூர்த்தி.