பாதிப் பாலம்

“என்னைத் தூக்க வேண்டாம். நடந்தே வரேன்” என்றாள் எக்லே.

குனிந்து கையை நீட்டிய மாப்பிள்ளை ரிமாஸ் அப்படியே நின்றான். அக்கார்டியன் வாசித்தவர்கூடப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டார்.

த்ராகாய் ஊரில் கல்யாணம் என்றால், ஏரிக்கு நடுவே நிற்கிற பழைய கோட்டைக்குப் போகும் மரப்பாலத்தில் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் இறக்கிவிட்டால் அந்த வீட்டில் கடைசிவரை பெண்டாட்டி ராஜ்யம்தான் என்பார்கள். இதற்காகவே ரிமாஸ் கோடை முழுக்க உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் பழகியிருந்தான்.

“பொண்ணுக்கு உன் மேல நம்பிக்கை இல்லடா. தண்ணியில போட்டுருவியோன்னு பயம்” என்றான் சித்தப்பா மகன் தொனாதாஸ். கூட்டம் சிரித்தது.

ரிமாஸின் அம்மா பிருதே சிரிக்கவில்லை.

“ஏம்மா, டிக்கெட் வாங்கிக் கோட்டையைச் சுத்திப் பாக்க வந்த வெளியூர்க்காரி மாதிரியா நடந்து போவே? ஊரே பாக்குது.”

“பாக்கட்டும் அத்தை. காலு நல்லாத்தானே இருக்கு.”

“என் கல்யாணத்தன்னிக்கு என்ன பனி தெரியுமா? வந்தவங்க ஒருத்தரும் பஸ்ஸை விட்டு இறங்கல. அந்தக் குளிர்லயும் உங்க மாமா என்னைக் கோட்டை வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போனார். ஒரு இடத்துல இறக்கி விடல. வேணும்னா அவரையே கேளு.”

ரிமாஸின் அப்பா காஸிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாத்துகளைப் பார்த்தார். “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

எக்லே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெள்ளைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பாலத்தில் நடந்தாள்.

“அவ்வளவு திமிரா?” பிருதே கரையிலேயே நின்றுவிட்டாள். “நான் வரல. விருந்து மண்டப வாசல்ல இவளுக்கு ரொட்டியும் உப்பும் யாரு நீட்டுறாங்கன்னு பாக்கறேன்.”

மாப்பிள்ளையின் அம்மா ரொட்டியும் உப்பும் நீட்டித்தான் புதுத் தம்பதியை உள்ளே அழைப்பது அங்கே வழக்கம். அம்மா கையால் ரொட்டியும் உப்பும் வாங்காமல் மண்டபத்துக்குள் எப்படிக் காலை வைப்பது? ரிமாஸ் ஓடிப் போய் நடுப்பாலத்தில் எக்லேயைப் பிடித்தான்.

“எனக்காக ஒரு தடவை. பத்தடி தூக்கினாக்கூடப் போதும்.”

“மாட்டேன்.”

“காரணமாவது சொல்லு.”

“அப்புறம் சொல்றேன். இப்ப என்னைத் திமிர் பிடிச்சவள்னே நினைச்சுக்கட்டும். பரவாயில்ல.”

ரிமாஸ் அவளைப் பார்த்தான். கரையில் நிற்கும் அம்மாவைப் பார்த்தான். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினான்.

“அம்மா, அவ மேல தப்பு இல்லம்மா. எனக்குத்தான் காலையிலிருந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. என்னால தூக்க முடியாது.”

தொனாதாஸ் வாயைத் திறப்பதற்குள் பிருதே அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

“எவனாவது சிரிச்சீங்கன்னா தெரியும் சேதி. நான்தான் தூக்க வேணாம்னு சொல்லியிருந்தேன்.”

“நீங்களா? இப்பத்தானே பெரியம்மா அந்தப் பொண்ணைத் திட்டினீங்க?”

“செருப்பைக் கழட்டினதுக்குத் திட்டினேன். பலகையில சிராய் குத்துமா இல்லையா? நகருடா.” அவள் பாலத்தில் ஏறிவிட்டாள். “ஏன்யா பாட்டை நிறுத்திட்டீங்க? வாசிங்க. கோட்டையைப் பாத்துட்டுச் சீக்கிரம் கிளம்பணும். நான் போகாம ரொட்டியை வேற எவ குடுப்பா?”

அக்கார்டியன் மறுபடி கிளம்பியது. காஸிஸும் சிரித்தபடியே பின்னால் வந்தார்.

ரிமாஸுக்கு நம்பவே முடியவில்லை. “பாத்தியா? முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம எங்கம்மாவுக்கு எப்படிப் பொய் வருது?”

“இந்தப் பாலத்துல அவங்களுக்கு அது பழக்கம்தான்” என்று சிரித்தாள் எக்லே. “நேத்து மாமா என்னைத் தனியா கூப்பிட்டு, ‘என் பையனைத் தூக்க விடாதேம்மா, ஆனா நான் சொன்னேன்னு அத்தைக்குத் தெரிய வேணாம்’னார்.”

“அப்பாவா? ஏன்?”

“அன்னிக்குப் பனியில வழுக்கி விழுந்து அவர் இடுப்பு போனது இந்த இடத்துலதான். இங்கேயிருந்து கோட்டை வாசல் வரைக்கும், உங்கம்மாதான் அவரைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க.”