ஏழாம் நம்பர் ரத்தம்

கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் வலியால் பெண்களின் உயிரை வாங்கும் நோய் எண்டோமெட்ரியோசிஸ். அதை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பிரிஸ்பேனில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் ரோவினாவும் டெக்லனும்.

“ஏழாம் நம்பர் சொதப்புது, ரோ. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக நோய் இல்லாத பொண்ணு குடுத்த ரத்தம். ஆனா நோயாளிங்க ரத்தத்துல இருக்கிற அதே புரதம் எக்கச்சக்கமா இருக்கு.”

“திரும்பப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தாச்சு, அதேதான். வலி இருக்கான்னு நர்ஸ் கேட்டப்போ இல்லேன்னாளாம். சரியான புளுகி.”

“புளுகெல்லாம் இல்ல. எல்லாருக்கும் வர்ற வலிதானேன்னு நெனச்சிருப்பா. ஸ்கூல் படிக்கிறப்போ சுருண்டு படுத்தா, அவ அம்மா ‘எழுந்து கிளம்புடி’ன்னு விரட்டியிருப்பாங்க. மாத்திரையைப் போட்டுட்டு ஓடியே பழகிட்டா.”

டெக்லனின் குரல் இறங்கியது. “பாவம். நம்ம சோதனை இன்னும் நிரூபணம் ஆகல. இருந்தாலும் டாக்டரைப் பாக்கச் சொல்லணும். நீயே பக்குவமா சொல்லிடு.”

ரோவினா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அழுகையினூடே சிரிப்பும் வந்தது.

“என்னாச்சு? உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?”

“நோய் இல்லாத ஆள் ஒண்ணு குறையுதுன்னு அன்னிக்குப் புலம்பினியே. நான்தான் நர்ஸ்கிட்ட போய்க் கையை நீட்டினேன்,” என்றாள் ரோவினா. “அப்பாடா. இத்தனை வருஷமா எனக்கு நெஜமாவே வலிச்சிருக்கு, டெக்லன்.”