மரியாதைப் பன்மை

“வந்துட்டியாடி என் தங்கமே!”

வாசலிலேயே கட்டிப்பிடித்த அம்மா, சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அம்மா! போன மாசம் போன்ல அவ்வளவு நேரம் சொன்னேனே. ‘டி’ வேணாம், ‘அவ’ வேணாம். நான் பொண்ணும் இல்ல, பையனும் இல்ல. ‘அவங்க’ன்னு சொன்னாப் போதும்.”

“அதுக்கு ஏதோ பேருகூடச் சொன்னியே…”

“நான்-பைனரி.”

“‘நான்’ வரைக்கும் புரியுது. அதுக்கப்புறம்தான் தடுமாறுது.”

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘சிட்டு’ என்று அம்மா வைத்த செல்லப்பெயர் ஒன்றுதான் இந்த வீட்டில் இன்னும் உறுத்தாமல் இருந்தது.

உள்ளேயிருந்து அப்பா வந்தார். சிட்டு பயந்ததெல்லாம் அவருக்குத்தான்.

“வாங்க, உட்காருங்க” என்றார். அம்மாவிடம் திரும்பி, “அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடு.”

சிட்டுவால் தன் காதையே நம்ப முடியவில்லை. முடியை ஒட்ட வெட்டியதற்கே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்!

சாப்பிடும்போதும் அப்படியே. “அவங்க தட்டு காலியா இருக்கு பாரு.” ஓரிடத்திலும் பிசகவில்லை. அம்மாதான் வாய்க்கு வாய் ‘அவ’ என்று உளறிவிட்டுத் தன் தலையில் குட்டிக்கொண்டாள்.

அடுக்களையில் சிட்டுவுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பாகிட்ட கத்துக்கோம்மா. அவரே எவ்வளவு சுலபமா மாத்திக்கிட்டாரு! உனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?”

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள்.

சிட்டுவுக்குச் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாஷிங் மெஷின் கம்பெனியில் சர்வீஸ் வேலை. கை சும்மா இருக்குமா? முன்வராந்தாவில் ஓடாமல் கிடந்த மெஷினைத் திறந்தால், உள்ளே எலி கடித்த வயர். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பா இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!

புதிதாகக் குடிவந்த அடுத்த வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

“யாரு சார் அது?”

சிட்டு கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக எழுந்திருப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். துளியும் தடுமாறவில்லை.

“அவங்களா? மெஷின் ரிப்பேருக்கு வந்தவங்க.”