ஜெர்லினின் கழுதை

இந்த வருடம் சிறுவர் நூல் விருது வாங்கிய ‘உப்பளத்துக் கழுதை’யை என் மகள் ஜெர்லினுக்காக வாங்கினேன். எட்டு வயது, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குபவள். வழக்கம்போல அதன் திரையில் ‘அழுகை வேண்டாம்’ என்று குறித்ததும், புத்தகம் தன் கதையை அவளுக்கேற்ப மாற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே முடித்தாள். நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“கழுதை செத்துப்போச்சுன்னு என் கூட்டாளி நாச்சியாரு அழுதாம்மா. க்ளாஸே அழுதுச்சு. என் புக்குல மட்டும் அதுக்குக் கல்யாணம் நடக்கு. பொய் சொல்லுதேன்னு என்னைய விரட்டிட்டாளுவ.”

“செத்தா நீ தாங்கமாட்டியே மக்கா.”

“அவளுவ தாங்குனாளுவல்லா?”

‘அழுகை வேண்டாம்’ குறியை நீக்கினேன். என் மடியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை மறுபடி வாசித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்தவள், நேராக நாச்சியாருக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, என் கழுதையும் செத்துட்டு” என்றாள், பெருமை தாங்காமல்.