சத்தமில்லாத பெட்டி

"ரேம் முப்பத்திரண்டு ஜிபி போட்டுடுங்க தம்பி. பாட்டு சாஃப்ட்வேர் நிறையத் தின்னும். ஆனா ஃபேன் சத்தம் மட்டும் இருக்கவே கூடாது. பக்கத்துலயே மைக் வெச்சுப் பாடப்போறேன்" என்றார் சுகுமாறன்.

மாசாய் நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வசந்தனுக்கு இப்படி விவரம் தெரிந்து வருகிறவர்களைப் பிடிக்கும்.

"எங்க வேலை அண்ணே?"

சுகுமாறனின் மனைவி வாசுகி முந்திக்கொண்டாள். "பாசிர் கூடாங்ல இரும்பு ஃபேக்டரி. பதினாறு வருஷம். வீட்டுலயே சொந்தமா பாட்டு செய்யணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லுவாரு. இப்பதான் வேலைய விட்டாரு."

வசந்தன் பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்து ஓடவிட்டான். ஒன்று புதியது. ஒப்பிட்டுக் காட்ட எடுத்த மற்றது கைமாறி வந்த பழையது. மாவு மெஷின் போல இரைந்தது.

"கேட்டுப் பாருங்க அண்ணே. உங்களுக்கே வித்தியாசம் தெரியும்."

சுகுமாறன் இரண்டிலும் மாறி மாறிக் காதை வைத்தார். பிறகு பழையதைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான். சத்தமே இல்ல."

வசந்தன் சிரித்தான். "விளையாடாதீங்க லா."

சுகுமாறன் சிரிக்கவில்லை. அவர் பார்வை வசந்தனின் உதடுகளிலேயே இருந்தது.

வாசுகி கணவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"புதுசையே கட்டிக் குடுங்க தம்பி. கேக்கறவங்களுக்காவது பாட்டு நல்லா இருக்கட்டும். காது போனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

அதைச் சொல்ல அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.