தப்பான பதில்

“மலர்முகம்னா உவமை. அப்ப முகமலர்னா?” என்று கேட்டாள் அவள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பேந்தப் பேந்த விழித்தார்.

“மூணு வாரமா இதே கேள்விதான். இன்னும் வாயைத் திறக்கலைன்னா எப்படி? சரி, நானே சொல்லிடறேன். அதுவும் உவமைதான்!”

அவர் முகம் சிவந்தது. இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டினார். “உ... உருவகம்!”

அவள் அழுதுகொண்டே வராந்தாவுக்கு ஓடினாள். “டாக்டர்! பக்கவாதம் வந்த பிறகு இன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரர் பேசியிருக்கார்!”

“எப்படிம்மா பேச வெச்சீங்க?”

“வேணும்னே தப்பா சொன்னேன். முப்பது வருஷம் செய்யுள் நடத்தினவர், தப்பான பதிலைக் கேட்டா சும்மா இருப்பாரா?”

உள்ளேயிருந்து மறுபடி அவர் குரல் கேட்டது.

“பத்து... தடவை... எழுது!”