இரண்டு பக்கமும் சொல்லியாச்சு

மாமனாரின் மூச்சு என் கையில் இருந்தது.

தொண்டைக்குள் போகும் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் பை. நான் அமுக்கினால் அவர் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். மூச்சு மிஷின் கிடைக்கிற வரைக்கும் நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கட்டில் என்றால் வராந்தாவில் போட்ட கட்டில். உள்ளே இடமில்லை.

மாடியில் மிஷின் வைத்த கட்டில் ஒன்று காலியாகப் போகிறதாம். அது மேலிடத்திலிருந்து போன் வந்தவர்களுக்குத்தானாம். பெருக்க வந்த அம்மா இதை, சாப்பாட்டு நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

போனுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

பிள்ளைகளுக்கு மீசை முளைத்ததுமே மாமனார் பங்கு பிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு கட்சி, கொழுந்தன் அதற்கு எதிர்க்கட்சி. எவன் ஜெயித்தாலும் நம்ம வேலை நடக்கணும் என்பார். மருமகள்கள் ஓட்டும் அப்படித்தான், எனக்கு ஒரு பக்கம், ஓரகத்திக்கு மறு பக்கம். சும்மா சொல்லக் கூடாது, வேலை நடக்கத்தான் செய்தது. எங்கள் தெருவுக்குத் தார் வந்தபோது எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. அதற்கு அப்பால் இன்னும் போகவில்லை.

வராந்தாவில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. காலில் கட்டுப் போட்ட கொத்தனார், நாட்டைக் கெடுத்ததே கட்சிக்காரனுங்கதான் என்றார். எதிர்க் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர், அவனுங்களுக்குப் போய் ஓட்டுப் போட்டவனைச் சொல்லணும் என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கே வழியில்லை. கட்சிக்காரர்களும் நாங்கள்தான், ஓட்டுப் போட்டவர்களும் நாங்கள்தான்.

என் வீட்டுக்காரர் தன் தலைவருக்குப் போன் போட்டார். தம்பி தன் தலைவருக்குப் போட்டான். இரண்டு தலைவர்களும் பெரிய டாக்டரிடம் பேசினார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறதே.

நர்ஸ் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

ஓட்டுப் போட்டு முடிந்திருந்தது, எண்ணி முடியவில்லை. நாளைக்கு எவர் நாற்காலிக்கு வருவார் என்று தெரியாத நேரம். இந்த நேரம் பார்த்து பெரிய டாக்டர், இதே ஆளுக்கு அந்தக் கட்சித் தலைவரும் சொல்லியிருக்கிறார் என்று இரண்டு பேரிடமும் உளறிவிட்டாராம். எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக் கட்டில் கிடைத்தது என்று வெளியே பேச்சு வந்தால் உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று இரண்டு பேருமே பிடித்துக்கொண்டார்களாம். மனுஷன் பயந்து போய்க் கட்டிலை யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார்.

"உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உங்க ஆளை வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. சீக்கிரம்."

இவர்களாவது, விட்டுக்கொடுப்பதாவது. தேர்தல் வந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

இப்போதும் பேசவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்கள். போனை எடுத்துக்கொண்டு இவர் ஜன்னல் பக்கம் போனார், அவன் படிக்கட்டுப் பக்கம் இறங்கினான்.

கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இவர் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கெஞ்சுகிற மாதிரிப் பேசினார். திரும்பி வந்து என் காதோரம் சொன்னார்.

"எங்க ஆளை வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன், தம்பி பக்கமே இருக்கட்டும். இனிமே என்னைக் கட்சியில சேர்க்க மாட்டாங்க. போகட்டும், எனக்கு அப்பா இருந்தா போதும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா என்று மாமனாரிடம் சொன்னேன். காதில் விழுந்ததோ என்னவோ.

கொழுந்தனும் மேலே வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தான். பாவம், அண்ணன் செய்தது இவனுக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்தாள். அவளோடு தள்ளுவண்டி வரவில்லை.

"என்னங்க இது, ரெண்டு தலைவருமே எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்களாமே. கட்டிலை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். வீட்டில் பைப்பில் தண்ணீர் வராவிட்டால்கூட உங்க ஆளுங்கதான், உங்க ஆளுங்கதான் என்று மாறி மாறிப் பழி போட்டவர்கள். இப்போது யாரைச் சொல்வது? மறுபடியும் போன் போட்டார்கள். இரண்டு பக்கமும் எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. விரல்கள் மரத்துப் போய், அமுக்குகிறேனா இல்லையா என்பதை மாமனாரின் நெஞ்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யாராவது கொஞ்ச நேரம் பிடியுங்கள் என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்.

நீ பிடிடா என்று இவர் பின்னால் இழுத்துக்கொண்டார். இல்லண்ணே, நீங்க பிடிங்க என்று அவனும் இழுத்துக்கொண்டான்.

பை என் கையிலேயே இருந்தது.